பங்கா

கான்சல் வீட்டு மொட்டைமாடியில் நாலு கம்ப்ரஸர்.
அவற்றோடுதான் தினமும் எனக்குப் பேச்சுவார்த்தை.
மாடிக்குக் கீழே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
அப்படித்தான் போர்டு மாட்டியிருக்கிறார்கள்.
குழாய் தெரியக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது,
குளிர் மட்டும் கசிய வேண்டும்
பழைய காலத்துக்குள்.

இன்று வெள்ளிக்கிழமை, குடும்ப நாள்.
மத்ரா கடற்கரையிலிருந்து பஸ் பஸ்ஸாக இறங்குகிறார்கள்.
துரையாக நிற்பவர் ஸ்கூல் வாத்தியார்.
மீசையில் ஒரு பக்கம் வியர்வையில் கழன்றுவிட்டது,
அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே
ராஜாவுக்குக் கடிதம் எழுதுகிறார்.
பிள்ளைகளுக்குத் தூவலும் மையும் கொடுத்திருக்கிறது,
யாரோ ஒரு குழந்தை மையைக் குடித்துவிட்டதாம்.

பங்கா இழுக்க வேண்டிய பலூச்சிப் பையனுக்குக் காய்ச்சல்.
நிகழ்ச்சி பார்க்கும் அம்மா
ஏணியில் நின்ற என்னை
மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.
"நீங்கள் பொருத்தமாக இருப்பீர்கள்" என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த வேட்டி ஒன்று தந்தார்கள்.
வேட்டி கட்டத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் என்றார்கள்.

என் இடம் வெளியே, தாழ்வாரத்தில்.
சுவரில் ஓட்டை. அதன் வழியாகக்
கயிறு மட்டும் உள்ளே போகிறது.
யாருக்கு வீசுகிறேன் என்று தெரியாது.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி, காலையில் நானே வைத்தது.
இங்கே முப்பத்தெட்டு.
ஏற்கெனவே குளிர்ந்தவர்களுக்கு
இழுத்துக்கொண்டே இருந்தேன்.
கை கடுத்ததும் கட்டைவிரலில் கயிற்றைச் சுற்றிக்
காலால் இழுத்தேன்.
யாரும் சொல்லித் தரவில்லை. கால் அதுவாகவே கண்டுபிடித்தது.
"அசல்!" என்று ஒருவர் போட்டோ எடுத்தார்.

முற்றத்தில் கொடிக்கம்பம்.
அந்தக் காலத்தில் ஓடிவந்த அடிமை
அதைக் கட்டிப்பிடித்துவிட்டால் விடுதலை என்று
கைடு கதை சொல்லி முடிப்பதற்குள்
பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.
முதலில் தொட்ட பையன் 'ஆ' என்று கையை உதறினான்.
வெயிலில் காய்ந்த இரும்பு.
ஆனாலும் அவனுக்குப் பரிசு, ஈச்சம்பழ பிஸ்கட்.

மூன்று மணிக்கு ஒரு சின்னப் பெண்,
முன்பல் இரண்டும் இல்லை,
சுவரில் மாட்டியிருந்த பழைய கணக்குத் தாளை
எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு
என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:
"அங்கிள், பங்கா கூலி ஒண்ணு, அஞ்சு ரூபான்னு போட்டிருக்கு.
கூலின்னா சம்பளம்தானே?
சம்பளம் எப்படி பங்கா இழுக்கும்?"

"சும்மா வா மகிழ்நிலா" என்று தாய்க்காரி கையைப் பிடித்தாள்.
என் முகத்தைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்தினாள்.

"நல்லா இழுக்கும்மா" என்றேன்.
"பரமக்குடியிலேர்ந்து இங்க வரைக்கும் இழுத்திருக்கே."

அவளிடம் ஒரு தாள் இருந்தது.
'இன்று நான் சந்தித்தவர்கள்', அதன் கீழே ஐந்து கோடு.
துரை, துரைசானி, சமையல்காரர், கழுதை.
ஐந்தாவதற்கு என் பெயர் கேட்டாள்.
சேவுகப்பெருமாள் என்றேன்.
கோட்டுக்குள் அடங்கவில்லை,
'பெருமாள்' ஓரமாக வளைந்து கழுதைப் பக்கம் ஏறிப்போனது.

ஐந்து மணிக்கு எல்லாரும் போனபின்
ஓவர்டைம் தாளை நீட்டினார் சூப்பர்வைசர் பிஜு.
மூன்றரை மணி நேரம். வேலை விவரம் என்ற கட்டத்தில்
இரண்டு பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.
"ஏசி மெயின்டனன்ஸ்னே போட்டுடு சேட்டா,
காத்துதானே" என்றார்.
போட்டேன்.

மாடிக்குப் போய் இரண்டாம் கம்ப்ரஸரின் முனகலைப் பார்த்து
இறங்கும்போது இருட்டிவிட்டது.
முற்றத்தில் யாருமில்லை.
கம்பத்தைக் கடந்துதான் கேட்டுக்குப் போகணும்.
கடந்துதான் போனேன்.
இன்னும் சூடு இருந்தது.

ராத்திரி வீடியோவில் செல்லத்தாயி
காலை நீட்டிப் படுத்திருந்த என்னிடம்
"கட்டைவிரல்ல என்ன சிவப்பா, கோடு மாதிரி?" என்றாள்.

புது ஷூ என்றேன்.